விருந்து போட்டவர்கள் எல்லாம் சாட்சி

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குப் பின்பக்கத் தெருவில் நான் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தி வந்தேன். நாலு மிஷின், அதில் ஒன்றுக்கு எப்போதும் உடம்புக்கு ஆகாது. தட்டச்சு கற்றுத்தரப்படும் என்றுதான் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் தெருவைப் பொறுத்தவரை நான் இங்கிலீஷ் தெரிந்த பொம்பளை, அவ்வளவுதான். தந்தி வந்தால் என்னிடம் ஓடி வருவார்கள். மருந்துப் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டும் வருவார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், திட்டிக்கொண்டேதான் செய்து கொடுப்பேன். அதற்காக ஒருத்தராவது வராமல் இருந்தார்களா என்றால், கிடையவே கிடையாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் எதிர்வீட்டம்மா ஒரு நீளக் கவரோடு வந்தார். விதவை, பெரிய வீட்டில் மருமகளும் அவருமாக இருந்தார்கள். ஒரே மகன் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. லீவில் வந்தான், நிக்காஹ் முடிந்தது, ஒன்றரை மாதம் போல இருந்தான், திரும்பிப் போய்விட்டான். பெண்ணைத் தன்னோடு அழைத்துக்கொள்ள விசாவுக்கு மனுப் போட்டிருந்தான். மெட்ராஸில் இருந்த மலேசிய அலுவலகத்திலிருந்து அதற்குத்தான் பதில் வந்திருந்தது.

பெண் நேரில் வர வேண்டும். பள்ளிவாசல் பதிவு மட்டும் போதாது. கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்கும் புகைப்படம் வேண்டும். அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் மனு தள்ளுபடி. படித்துச் சொன்னேன்.

மருமகள் மாமியார் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பத்தொன்பது வயசு இருக்கும். அதுவரை அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "தள்ளுபடின்னா மறுபடி எப்ப கேக்கலாம் டீச்சர்?" என்றாள். அடுத்த லீவுக்கு அவன் வந்தால்தான் புதிதாக எதையும் தொடங்க முடியும், அதற்கு மூன்று வருஷம் ஆகும். எங்கள் தெருவில் அப்படி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புருஷனைப் பார்க்கிற பெண்கள் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் சுவரில் மாட்டிய தகப்பன் படத்தைக் காட்டித்தான் அத்தா என்று சொல்லப் பழகின. இந்தப் பெண் அந்த வரிசையில் போய் நிற்கப் போகிறாளே என்று நினைத்தேன். "அதெல்லாம் தள்ளுபடி ஆகாது, போ" என்று அதட்டினேன்.

"போட்டோதானே? ஆல்பமே இருக்கு டீச்சர்" என்று எதிர்வீட்டம்மா தலையணை கனத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார்.

முதல் பக்கத்தில் மாப்பிள்ளை. அவர்கள் சொல்லித்தான் அது மாப்பிள்ளை என்று தெரிந்தது. தலையிலிருந்து மார்புவரை பூச்சரம் தொங்கியது. உள்ளே இருப்பது மகனா, மகனுடைய மாமனா என்று பூ கட்டினவருக்கே தெரிந்திருக்காது. சுற்றி நின்ற அத்தனை ஆண்களுக்கும் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. அடுத்த பக்கமும் அதே கூட்டம். அப்புறம் பந்தியில் ஆண்கள். அப்புறம் பிரியாணி வெந்த தேக்சா. மூடியோடு ஒன்று, மூடி இல்லாமல் ஒன்று என்று தேக்சாவுக்கு மட்டும் தனித்தனிப் படம்.

"பொண்ணு எங்கே?" என்றேன்.

"பொண்ணு உள்ளேல்ல இருந்துச்சு. சபையில கொண்டாந்து உக்கார வைப்பாகளாக்கும்? என்ன டீச்சர், புதுசாக் கேக்குறீக!"

அவர் சொன்னது நியாயம்தான். ஆண்கள் பந்தலில் இருக்க, பெண் வீட்டுக்குள் இருப்பாள். பெரியவர்கள் உள்ளே போய்ச் சம்மதம் கேட்டு வருவார்கள். போட்டோக்காரர் ஆம்பளை. அவரை எங்கே உள்ளே விடுவது?

கடைசிப் பக்கத்தில், சொந்தக்காரப் பையன் எவனோ எடுத்த ஒரு விருந்துப் படம் கிடைத்தது. பாயில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். மாப்பிள்ளை குனிந்து கறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணின் முகத்துக்கு நேரே, பரிமாறிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மாவுடைய கை. அது லேசுப்பட்ட கை இல்லை. அண்டாவையே ஒற்றையாய் இறக்குகிற கை. மருமகளில் மிச்சம் தெரிந்தது மருதாணி போட்ட அஞ்சு விரல்தான்.

"இந்தா, இதுல இருக்காள்ல!" என்றார் எதிர்வீட்டம்மா.

"வெரலுக்கெல்லாம் விசா கொடுக்க மாட்டாகம்மா" என்றேன்.

அந்தம்மா தாடையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு முகம் தெளிந்தது. "போட்டோ இல்லாட்டி என்ன? ஊரே சோறு போட்டிருக்குல்ல. சோறு போட்டவுகளைக் கூட்டிக்கிட்டுப் போறேன். எங்க வீட்டுல புருசனும் பொஞ்சாதியுமா வந்து தின்னாகன்னு அம்புட்டுப் பேரும் சொல்லட்டும். இதை விடவா சாட்சி வேணும்?"

எங்கள் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமானவர்களை ஒவ்வொரு சொந்தக்காரரும் விருந்துக்கு அழைப்பார்கள். மாட்டேன் என்று சொன்னால் தீர்ந்தது, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இருக்காது. மாப்பிள்ளை சபராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். லீவு முடிவதற்குள் எல்லா வீட்டையும் தின்று முடித்தாக வேண்டும். காலையில் தேவகோட்டை, மத்தியானம் புதுவயல், ராத்திரி திருப்பத்தூர். கீழச்சிவல்பட்டியில் மாப்பிள்ளையின் அத்தாவுக்குப் பழக்கமான ஒரு செட்டியார் வீட்டில் ஆச்சி கூப்பிட்டு வைத்து இலை நிறையப் பலகாரம் போட்டார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? நானும் கூப்பிட்டேன். வாழைப்பூ வடையும் பால் பாயசமுமாக, அந்தப் பையனுக்கு முழி பிதுங்குகிற வரைக்கும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றினேன்.

ஆகவே சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. "சிரிப்பாகம்மா" என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டம்மா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

மெட்ராஸ் போவதற்கு முன்னால் ஒத்திகை வைத்தோம். அந்த அலுவலகத்துக்குப் போய் வந்த ஒருவர், வீட்டுக்காரரைப் பற்றிச் சின்னச் சின்னதாகக் கேட்பார்கள், என்ன சாப்பாடு பிடிக்கும் என்பது வரைக்கும் கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார். நான் அதிகாரி; நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தேன். மருமகள் எதிரே பாயில். சுற்றிலும் விருந்து போட்ட பெண்கள்.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

பெண் தலையைக் குனிந்தாள். சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் கத்திச் சொன்னார்கள்.

"அவளைச் சொல்ல விடுங்க!"

"புருசன் பேரை அவ எப்படிச் சொல்லுவா? நீங்க சொல்லுவீகளா டீச்சர்?" என்றார் பெரியம்மா.

பேரை மட்டும் எழுதிக் காட்டட்டும் என்று முடிவானது.

"அவருக்கு என்ன சாப்பாடு ரொம்பப் பிடிக்கும்?"

"தால்ச்சா" என்றார் மாப்பிள்ளையின் சின்னம்மா. "எங்க வீட்டுல திரும்பத் திரும்ப வாங்கி ஊத்திக்கிட்டான்."

"தால்ச்சாவா!" என்று பெரியம்மா இடுப்பில் கை வைத்தார். "உப்புக் கரிச்சுச்சு பெரியம்மான்னு வந்து என்கிட்டல்ல சொன்னான். எங்க வீட்டு வட்டலப்பம்தான் அவனுக்கு உசுரு."

"என் தால்ச்சாவுல உப்பா? உங்க வட்டலப்பம் தொண்டைக்குள்ள இறங்காம அவன் தண்ணி தண்ணின்னு பறந்ததை நான் பாக்கலையாக்கும்?"

அவ்வளவுதான், சந்தைக்கடை ஆகிவிட்டது. முன்பு எப்போதோ ஒரு பிள்ளைக்குச் சுன்னத்து செய்த கத்னா விருந்தில் கறி பற்றாமல் போன கதைவரை வெளியே வந்தது. நான் மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். என்னை யாரும் அதிகாரியாக மதிக்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "நிறுத்துங்கடி! பிரியாணி. எவுக கேட்டாலும் பிரியாணின்னு சொல்லு. எல்லா வீட்டுலயும்தான் போட்டாக, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை."

எந்தக் கேள்வி கேட்டாலும் மருமகளுக்கு முன்னால் அந்தம்மாவே பதில் சொன்னார். மகனுடைய உயரம், செருப்பு அளவு, எதற்கு எரிச்சல் வரும், எல்லாம். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இந்தம்மாவுக்கு மருமகளை அனுப்ப மனசே இல்லை, அதுதான் வாயைத் திறக்க விடமாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் கோபம் கோபம்தான்.

மெட்ராஸுக்கு ரயில் பெட்டி ஒன்றில் பாதியை நாங்களே அடைத்துக்கொண்டு போனோம். அலுவலகத்து வாசலில் காவலாளி "மனு யாருடையது?" என்று கேட்டதும் பத்துக் கைகள் உயர்ந்தன. மனுதாரர், மொழிபெயர்க்கிறவர், இரண்டு பேர் மட்டும்தான் உள்ளே என்றான். "நான் பெத்தவ" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டம்மா அவன் கைக்கு அடியில் புகுந்து எங்களுக்கு முன்னால் போய்விட்டார். மற்றவர்கள் வராந்தாவில் டிபன் கேரியர்களோடு உட்கார்ந்தார்கள். வெயில் காலம், கதவு திறந்தே கிடந்தது.

அதிகாரி ஒரு மலாய்க்காரர், மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி. மரியாதையாக எழுந்து நின்று உட்காரச் சொன்னார். பள்ளிவாசல் பதிவைப் பார்த்தார். விருந்துப் படத்தை எடுத்து நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். "இதில் மனைவி யார்?" என்று என்னைக் கேட்டார். நான் விரலைக் காட்டினேன்.

காகிதத்தில் மட்டும் கல்யாணம் பண்ணிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். அதற்குள் எதிர்வீட்டம்மா ஒரு தகர டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டார். தேன்குழல்.

"நம்ம பிள்ளை பொழைக்கிற நாட்டு ஆளு. ஒருக்கா காரைக்குடிக்கு விருந்துக்கு வரணும்னு சொல்லுங்க டீச்சர்."

"சொல்ல மாட்டேன். லஞ்சம்னு நெனப்பாக."

"சோறு எப்படி லஞ்சமாகும்?"

"அம்மா என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

"உங்கள் உடல்நலத்தை விசாரிக்கிறார்" என்றேன். அதே நேரம் வராந்தாவிலிருந்து பெரியம்மாவின் தலை உள்ளே நீண்டது. "எங்க வீட்டுல ரெண்டு நாள் தங்குனாக சார்!" காவலாளி தலையைப் பிடித்து வெளியே தள்ளாத குறை.

மருமகள் கணவன் பெயரை எழுதிக் காட்டினாள். உயரம் கேட்டார், எழுந்து தன் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினாள். நான் மூச்சு விட்டேன். பிறகு அவர் கேட்டார். "உங்கள் கணவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?"

எதிர்வீட்டம்மா எனக்குப் பின்னாலிருந்து "பிரி... பிரி..." என்று இருமுவது போல எடுத்துக் கொடுத்தார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாது" என்றாள்.

மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். ஆனால் அவள் தலையாட்டிய விதத்திலேயே அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடிக் கீழே வைத்தார். மூன்று வருஷம் என்று நான் நினைத்தது அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அந்த மூடிய பேனாவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம்.

"எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க டீச்சர், நான் சொல்லுறதை அப்படியே சொல்லுங்க. அவுக இருந்த நாள் பூராவும் யாரு வீட்டுலயாச்சும்தான் தின்னோம். எதைப் போட்டாலும் நல்லாருக்கு நல்லாருக்குன்னாக. வேற என்ன சொல்லுவாக? போட்டவுக எல்லாம் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாக. பெரியம்மா வீட்டுலயும் நல்லாருக்கு, சின்னம்மா வீட்டுலயும் நல்லாருக்கு. டீச்சர் வீட்டுப் பாயசத்தைக் குடிக்க மாட்டாம கொல்லைப்பக்கம் போயி வாழைக்கு ஊத்துனாக."

அதையும் நானேதான் மொழிபெயர்த்தேன். இங்கிலீஷில் சொல்லும்போது இன்னும் கேவலமாக இருந்தது.

"கடைசியில வயித்துக்கு ஒத்துக்காமப் படுத்துட்டாக. இன்னைக்காச்சும் நம்ம கையால கஞ்சி காச்சிக் கொடுப்போம்னு அடுப்படிக்குப் போனேன். அரிசி களையிறதுக்குள்ள மூணு வீட்டுல இருந்து கஞ்சி வந்துருச்சு. மறுநா கார் வந்துச்சு, போயிட்டாக. ரெண்டு பேரா உக்காந்து ஒரு வாய் தின்னதில்லை. அவுகளுக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சுக்கத்தானே போகணும்ங்கிறேன்? தெரிஞ்சாத்தான் விடுவேன்னா நான் எங்குட்டுப் போயித் தெரிஞ்சுக்குவேன்?"

நான் சொல்லி முடிக்கும்வரை அதிகாரி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர்வீட்டம்மா பக்கம் திரும்பினார். "நீங்கள் அவருடைய அம்மா. உங்களுக்குத் தெரிந்திருக்குமே?"

இப்போது பிரியாணி வந்து விழும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்ட மனுஷி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பதினாறு வயசுல கப்பல் ஏத்தி விட்டேன் சார். அப்பப் பனங்கிழங்குன்னா பறப்பான். இப்ப என்ன பிடிக்குமோ, யாரு கண்டா. இவன் அத்தாவும் பாதி ஆயுசு அங்குட்டுத்தான். லீவுக்கு வருவாக. வந்தா விருந்து, விருந்து முடிஞ்சாக் கப்பல். மவுத்தாகிக் கண்ணை மூடினதும் அங்குட்டுத்தான். அவுகளுக்கு என்ன பிடிக்கும்னு நீங்க கேட்டா நானும் இவளைப் போல முழிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும். இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேக்கலை, அதான் தெரியாமலே போச்சு. இவளை அனுப்பிருங்க சார். எங்க வீட்டுல நான் ஒருத்தி நிக்கிறது போதும்."

அவரை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்! அதையும் இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். நடுவில் ஒரு சொல் வராமல் முழித்தேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "காகிதக் கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண் பிரியாணி என்று சொல்லியிருப்பாள்" என்றார். "இவ்வளவு கோபம் வர உண்மையிலேயே கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்." கையெழுத்துப் போட்டார். தேன்குழல் டப்பாவை மட்டும் வணக்கம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தால் சந்தோஷப்பட ஆளில்லை. அத்தனை பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். "யாருடி கஞ்சி குடுத்து விட்டது?" என்றார் பெரியம்மா. "நான் இல்லையப்பா" என்றார் சின்னம்மா. ரயிலில் திருச்சி வரும் வரைக்கும் கஞ்சி அனுப்பிய மூன்று வீடு எது என்று விசாரணை நடந்தது. ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஜன்னலோரம் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். வாழைக்கு ஊற்றினானாமே! ஒரு படி பாலைச் சுண்டக் காய்ச்சின பாயசம்.

கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து. அது கடலில் தள்ளி நின்றது. கரையிலிருந்து படகில் போய் ஏற வேண்டும். ரோஷத்தையெல்லாம் மறந்து எல்லோரும் வந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு பொட்டலம். எதிர்வீட்டம்மா நடுவில் நின்று ஒன்றைக்கூட விடவில்லை. "போறவ அங்கன போயிச் சமைச்சுக்கிருவா, எடுங்கடி" என்று எல்லாவற்றையும் திருப்பினார். பெரியம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

படகுக்காரர் சத்தம் கொடுத்தார். மருமகள் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "போயிட்டு வாரேன் பெரியம்மா." "போயிட்டு வா தாயி." "போயிட்டு வாரேன் டீச்சர்." "நல்லபடியாப் போயிட்டு வா." போ என்று மட்டும் யாரும் யாரையும் சொல்லி அனுப்புவது எங்கள் பக்கத்தில் கிடையாது.

மாமியாரின் முன்னால் வந்து நின்று கையைப் பிடித்தாள். "போயிட்டு வாரேன் மாமி."

"வராத" என்றார் எதிர்வீட்டம்மா.

எல்லோருக்கும் திக்கென்றது. பெரியம்மா "யா அல்லா, என்ன பேச்சு இது" என்று அவர் வாயைப் பொத்தப் போனார். அந்தம்மா கையைத் தட்டிவிட்டார்.

"அவனோட இரு. வந்தா ரெண்டு பேரும் சேந்து வாங்க. நீ ஒத்தையில வந்து வாசல்ல நின்னே, கதவைத் தொறக்க மாட்டேன், ஆமா. போ."

அவள் போனாள். படகு கப்பலோடு போய்ச் சேரும் வரைக்கும் எதிர்வீட்டம்மா மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.